அம்பாங் பெச்சா: மேலே எடுக்கும் முடிவு, கீழே வரும் வெள்ளம்

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், கோல குபு பாரு நகரத்தை ஒட்டி, அம்பாங் பெச்சா என்ற சிற்றூர் இருக்கிறது. பிரேசர் மலைக்கும் சிலிங் நீர்வீழ்ச்சிக்கும் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியே கடந்துவிடுவார்கள். மலாயில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. 140 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பேரிடரையே ஓர் ஊர் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது.

2024 மே 11ஆம் தேதி நடந்த கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலின்போது இந்த வட்டாரம் சில வாரங்களுக்கு நாட்டின் தலைப்புச் செய்தியானது. 40,226 வாக்காளர்கள். அவர்களில் மலாய்க்காரர்கள் ஏறத்தாழ 46 விழுக்காடு, சீனர்கள் 30, இந்தியர்கள் 18. இந்தியர் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதே அன்றைய பெரிய கேள்வி. அமைச்சர்கள் வந்தார்கள், தோட்டப் பாட்டாளிகளுக்கு வீடு பற்றிய அறிவிப்பும் வந்தது. ஆனால் அந்தப் பரபரப்பில் இந்த ஆற்றங்கரையின் பழைய கதை யாருக்கும் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால், வீட்டுப் பிரச்சனையும் ஆற்றுப் பிரச்சனையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புரிந்திருக்கும்.

முதலில் ஆற்றைப் பார்க்கலாம். சிலாங்கூர் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரில், பிரேசர் மலைப் பக்கம் பிறக்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) வழியாகக் கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. மேல்பகுதியில் அது மலையாறு: செங்குத்தான சரிவு, பாறை, வேகம். குபு என்ற சிற்றாறு வந்து கலக்கும் இடத்தை ஒட்டித்தான் சரிவு குறைந்து நிலம் தட்டையாகத் தொடங்குகிறது. கோல என்றால் முகத்துவாரம் என்பதால், குபு ஆற்றின் முகத்துவாரத்தில் உருவான பழைய நகரத்துக்குக் கோல குபு என்ற பெயர் வந்தது. அந்தப் பழைய நகரம் இருந்த பகுதியில்தான் இன்றைய அம்பாங் பெச்சா இருக்கிறது.

மலையை விட்டு இறங்கும் ஆறு சமதளத்தைத் தொட்டதும் வேகத்தை இழக்கும். வேகம் குறைந்ததும், சுமந்து வந்த மணலையும் கல்லையும் அங்கேயே கொட்டும். இந்த ஊரின் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் இந்த ஒரு விதியில்தான் அடங்கியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலையிலிருந்து அரித்து வந்து படிந்த மண்ணில் ஈயம் இருந்தது. அந்த ஈயத்துக்காகத்தான் மனிதர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். அதே விதி பின்னால் அவர்கள் நகரத்தையே மணலால் மூடியது.

குபு என்ற சொல்லுக்குக் கோட்டை, அரண் என்று பொருள். அந்தப் பெயருக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1867 தொடங்கி 1870களின் முற்பகுதி வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் உலு சிலாங்கூர் முக்கியமான களம். சைட் மஷோரின் படைகள் இந்தப் பக்கம்தான் நிலைகொண்டிருந்தன. ஈயம் எங்கே கிடைக்கிறதோ, அது எந்த ஆற்று வழியாக வெளியே போகிறதோ, அந்த இடத்தைப் பிடிப்பதற்கான போர் அது. ராஜாக்களின் சண்டையாகவே பாடப்புத்தகங்களில் அது வருகிறது. அடியில் ஓடியது ஈய வரி.

ஈய லம்பங்களுக்குத் தண்ணீர் வேண்டும். மண்ணைக் கழுவினால்தான் ஈயம் பிரியும். அதற்காக ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே உள்ளூர் மக்கள் மண்ணாலும் மரத்தாலும் ஓர் அணை கட்டியிருந்தார்கள். அந்த அணை பல காலம் தாங்கியது. அதன் நிழலில் வீடுகள் வந்தன, கடைகள் வந்தன, அரசாங்க அலுவலகமும் வந்தது.

1883 அக்டோபர் 29ஆம் தேதி, கனமழைக்குப் பின் அணை உடைந்தது. கோல குபு நகரம் வெள்ளத்தில் அழிந்தது. பலியானவர்களில் ஒருவர் சிசில் ரங்கிங், மாவட்டத்தின் வரி வசூல் அதிகாரியும் நீதிபதியுமாக இருந்த ஆங்கிலேயர்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி உலு சிலாங்கூர் மக்களிடையே ஒரு கதை உண்டு. அணையில் ஒரு வெள்ளை முதலை வாழ்ந்ததாம், அது அணையின் காவல் என்று மக்கள் நம்பினார்களாம். ரங்கிங் எச்சரிக்கையை மீறி அதைச் சுட்டுவிட்டார், அதனால்தான் அணை உடைந்தது என்பார்கள். கேட்க நல்ல கதை. வெள்ளைக்காரத் துரையின் திமிருக்குக் கிடைத்த தண்டனையாக அது இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் கதை ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது. மண் அணைக்கு முதல் எதிரி மேலே வழிந்தோடும் தண்ணீர், அடுத்த எதிரி உள்ளே கசிந்து மண்ணைக் குடையும் தண்ணீர். இரண்டையும் தடுக்க ஆண்டு தவறாமல் பராமரிப்பு வேண்டும், உபரி நீர் வெளியேற வழி வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது? லம்பக்காரர்களா, பெங்ஹுலுவா, வரி வாங்கிய அரசாங்கமா? முதலை மேல் பழியைப் போட்டுவிட்டால் இதைக் கேட்கத் தேவையே இல்லாமல் போகிறது.

நகரம் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. 1894இல் ரயில் பாதை கோல குபுவை எட்டியது. அங்கிருந்து மலையேறி, கேப் என்ற கணவாயைக் கடந்து பகாங்கின் ரவூப்புக்கும் கோல லிப்பிஸுக்கும் போகும் சாலை போடப்பட்டது. ரவூப்பில் ஆஸ்திரேலியர்கள் தங்கச் சுரங்கம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. பகாங்குக்குப் போக வேண்டிய சரக்குக்கெல்லாம் கோல குபுதான் வாசல். ரயிலில் வந்து இறங்கும், மாட்டு வண்டியில் ஏறும்.

தமிழர்கள் இந்த வட்டாரத்துக்குப் பெருமளவில் வந்தது இந்தக் கட்டத்தில்தான். முதலில் தண்டவாளமும் சாலையும், பிறகு ரப்பர். ராசா, பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங், புக்கிட் தாகார் என்று மலையடிவாரம் முழுக்கத் தோட்டங்கள் பரவின. காடு அழிக்கவும் பால்மரம் வெட்டவும் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படித்தான் தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப்பள்ளி என்ற வரைபடம் உருவானது. ஒரு தோட்டத்தின் எல்லை எதுவோ அதுவே அந்தப் பள்ளியின் உலகம். ஆட்களை எங்கே வைப்பது என்பதை முதலாளி முடிவு செய்தார், பள்ளியும் கோயிலும் அந்த முடிவின் பின்னால் போயின.

இதற்கிடையே ஆறு மாறிக்கொண்டிருந்தது. ஈய லம்பங்களில் புதிய முறைகள் வந்தன. குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரில் மேட்டையே கரைத்து, அந்தச் சேற்றிலிருந்து ஈயத்தைப் பிரித்தார்கள். மிச்சமான மணலும் களிமண்ணும் ஆற்றில் போயின. ஒரு டன் ஈயம் கிடைக்க எத்தனையோ மடங்கு மண் கரைய வேண்டும். மேலே கரைத்த மண் கீழே வந்து, சரிவு குறையும் அதே இடத்தில் படிந்தது. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. அடிமட்டம் உயர்ந்துவிட்டால் பெருமழை தேவையில்லை, முன்பு கரைக்குள் அடங்கிய அதே அளவு தண்ணீர் இப்போது கரை மீறும். 1920களில் கோல குபு அடிக்கடி வெள்ளத்தில் மிதந்தது. தெருக்களில் மணல் படிந்தது, கட்டடங்களின் அடிப்பகுதிகள் புதைந்தன. 1883இல் அணை உடைந்தபோது நகரம் ஒரே நாளில் போனது. இந்த முறை உடைவதற்கு அணை இல்லை, நகரம் மெல்ல மெல்ல மூழ்கியது. 1926இல் மலாயா முழுவதையும் உலுக்கிய பெருவெள்ளம், இனி இங்கே இருக்க முடியாது என்பதை உறுதிப்படுத்தியது.

அரசாங்கம் நகரத்தை மேட்டு நிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் நகரத் திட்டமிடல் அதிகாரியாக 1921இல் வந்த சார்ல்ஸ் ரீட், தோட்ட நகரம் என்ற கொள்கையில் நம்பிக்கை கொண்டவர். கடைத்தெரு ஓர் இடம், அரசாங்க அலுவலகங்கள் ஓர் இடம், குடியிருப்பு வேறிடம், நடுவே பசுமை என்று திட்டம் போடப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் புதிய நகரம் முழுமை பெற்றது. அதுதான் கோல குபு பாரு. இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் காப்பி குடிக்கவும் படம் எடுக்கவும் வரும் அழகான சிறுநகரம். அந்தத் திட்டம் பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் நகரத்தை இடம் மாற்றச் செலவு செய்த அரசாங்கம், அது மூழ்கக் காரணமான லம்பங்களிடம் ஈய ஏற்றுமதி வரி வாங்கிக் கொழித்த அதே அரசாங்கம்தான். லாபம் யாருக்கோ, இடம்பெயர்வு யாருக்கோ.

மேட்டில் எழுந்த நகரம் பாரு என்ற பெயரை எடுத்துக்கொண்டது. கீழே இருந்த பகுதிக்கு உடைந்த அணை என்ற பெயர் நிலைத்தது. பின்னர் அவசர காலம் வந்தது. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் 24 சீனக் கிராமவாசிகள் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கித் தாக்கிய கம்யூனிஸ்டுப் போராளிகளால் கொல்லப்பட்டார். காட்டோரம் சிதறிக் கிடந்த குடும்பங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டன. உலு சிலாங்கூரின் புதுக்கிராமப் பட்டியலில் அம்பாங் பெச்சாவும் ஒன்று. சீனர்கள் இங்கே செறிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, இந்த வட்டாரத்தின் மக்கள்தொகை தானாக வளர்ந்ததல்ல. ஈயம் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்தது, ரப்பர் இன்னொரு கூட்டத்தை, ராணுவ ஆணை மூன்றாவது கூட்டத்தை.

இவர்கள் எல்லாருக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள் தேமுவான் பூர்வகுடி மக்கள். அவர்கள் முறை கடைசியாக வந்தது.

தொண்ணூறுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கு வேகமாக வளர்ந்தது. 1998இல் கோலாலம்பூர் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீட்டில் தவித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னணியில் கோல குபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்றின் குறுக்கே புதிய அணை எழுந்தது. 110 மீட்டர் உயரம், 23 கோடி கன மீட்டர் கொள்ளளவு. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன, தண்ணீர்க் கசிவை அடைத்தாலே போதும் என்று வாதிட்டன. எடுபடவில்லை. கெராச்சி, பெர்தாக் என்ற இரண்டு தேமுவான் கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. மூதாதையர் நிலமும் பழ மரங்களும் போன இடத்தில் இன்று ஏரி நிற்கிறது. பிரேசர் மலைக்குப் போகும் பழைய சாலையின் ஒரு பகுதியும் அதற்குள் போய்விட, புதிய சாலை மேலே போடப்பட்டது. அணையில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு அது அழகான காட்சி.

இந்த அணை வேண்டாத ஒன்று என்று இன்று யாரும் சொல்லிவிட முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கிறது. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தபோது நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 இலட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. சிலாங்கூர் ஆற்றின் ஒரு சின்னக் கிளையில் யாரோ கொட்டிய கழிவால், பெட்டாலிங் ஜெயாவில் வாளி ஏந்தி லாரிக்குக் காத்திருந்தார்கள். அன்று ஒரு வாரம் மட்டும், மேலே நடப்பதற்குக் கீழே இருப்பவர் விலை கொடுப்பது எப்படி இருக்கும் என்பதை நகரத்துக்காரர்கள் அனுபவித்தார்கள். கோல குபு நூறாண்டுக்கு மேலாக அனுபவித்தது அதைத்தான்.

புக்கிட் தாகாரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். உலு சிலாங்கூரின் மேற்குப் பக்கம் இருக்கும் புக்கிட் தாகாரில் 2005 முதல் பெரிய குப்பை நிலம் இயங்குகிறது. கோலாலம்பூரின் குப்பை ஜின்ஜாங்கில் அழுத்தப்பட்டு லாரிகளில் அங்கே போய்ச் சேர்கிறது. தலைநகரம் குடிக்கும் தண்ணீர் உலு சிலாங்கூரிலிருந்து போகிறது, தலைநகரம் கழிக்கும் குப்பை உலு சிலாங்கூருக்கு வருகிறது. அதே புக்கிட் தாகார் வட்டாரத்தில்தான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த வீட்டுக்குக் காத்திருக்கும் தோட்டக் குடும்பங்களும் இருக்கின்றன.

மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர் தோட்டம், சுங்கை திங்கி தோட்டம், புக்கிட் தாகார் தோட்டம், மின்யாக் தோட்டம் ஆகிய ஐந்தின் கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டினாலும் கதவு எண் நிறுவனத்துக்குச் சொந்தம். நிலம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலத்தின் மதிப்பு விளைச்சலை விட வீடமைப்பில் அதிகம் என்று ஆனது. இடைத்தேர்தலுக்கு முன்பாக, 2024 ஏப்ரலில், வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் ங்கா கோர் மிங் இந்த ஐந்து தோட்டக் குடும்பங்களுக்கு 245 தரை வீடுகள் கட்ட 4 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுவதாக அறிவித்தார். நிலத்தை, 20 ஏக்கர், பெர்ஜெயா நிறுவனம் தருவதாக ஏற்பாடு.

அறிவிப்பை வரவேற்றவர்கள் உண்டு, தேர்தல் நேரத்து அறிவிப்பு என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இந்தியர்கள் வாக்களிப்பைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. முடிவில் ஜசெக வேட்பாளர் பாங் சோக் தாவ் 14,000 வாக்குகள் பெற்று, 3,869 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். 18 விழுக்காடு இந்தியர்கள் உள்ள தொகுதியில் 3,869 என்பது பெரிய இடைவெளி அல்ல. இந்த வட்டாரத்தில் அதைவிடச் சிறிய இடைவெளிகளும் உண்டு. 2008இல் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் மஇகாவின் ஜி. பழனிவேல் தோற்றது 198 வாக்குகளில். 2010 இடைத்தேர்தலில் மஇகாவின் பி. கமலநாதன் அதே தொகுதியை மீட்டது 1,725 வாக்குகளில். ஒரு தோட்டத்தின் லயன் வரிசை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது முடிவை மாற்றக்கூடிய தொகுதி இது.

அந்தப் பலம் ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படுகிறது, ஆனால் எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை. தோட்டத்தில் வேலை குறைந்ததும் இளைஞர்கள் ரவாங், செலாயாங், ஷா ஆலாம் என்று போய்விட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இங்கே, வாழ்க்கை அங்கே என்ற நிலை பல வீடுகளில் உண்டு. குடும்பம் போனால் பள்ளிக்குப் பிள்ளை வராது. சிறு தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை என்ற பொதுப் பிரச்சனை இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். பழைய கோல குபுவின் மேல் மணல் படிந்தது போல, இதுவும் ஒரே நாளில் தெரியாது. ஐந்து ஆண்டு கழித்துக் கோயில் திருவிழாவில் கூட்டம் குறைந்த பிறகுதான் தெரியும்.

ஆற்றுக்குத் திரும்பினால், இன்றைய ஆபத்து என்ன? பாறைகளை அடுக்கிக் கட்டிய நவீன அணை 1883இன் மண் அணை போன்றதல்ல. அது உடையும் என்று பயமுறுத்துவது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் அணை உடையாமலும் கீழே உயிர் போகலாம். கேமரன் மலையில் 2013 அக்டோபர் 23ஆம் தேதி நடந்ததை ரிங்லெட் வாசிகள் மறக்கவில்லை. கனமழையில் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்மட்டம் ஏறியது, நள்ளிரவில் மதகுகள் திறக்கப்பட்டன, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளுக்குள் பாய்ந்து உயிர்களைக் குடித்தது. அணை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து கரைந்து வந்த மண் ஏரியைத் தூர்த்திருந்தது, கீழே ஆற்றோரத்தை வீடுகளும் பயிர்நிலங்களும் நெருக்கியிருந்தன. மண், மழை, குறுகிய ஆறு: கோல குபுவின் பழைய கணக்கு அங்கே மறுபடியும் போடப்பட்டது.

உலு சிலாங்கூரின் மலைச்சரிவுகளும் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை, பத்தாங் காலி கெந்திங் சாலையோர முகாம் ஒன்றின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டனர். காட்டைத் திறந்தால் மண் நகரும். அது கூடாரத்தின் மேல் விழாத நாள்களில் ஆற்றில்தான் போய் விழுகிறது. ஆகவே மேலே எந்தக் காட்டைத் திறக்க அனுமதி கொடுக்கப்படுகிறது, எந்தச் சரிவில் எந்தத் தங்கும் விடுதி எழுகிறது என்பது கீழே அம்பாங் பெச்சாவில் இருப்பவரின் வீட்டு விஷயம். மாவட்ட மன்றத்தில் அந்த அனுமதி பேசப்படும் நாளில் அவருக்குத் தகவல் போகிறதா என்பதுதான் கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்குக்கு எவ்வளவு தண்ணீர் திறப்பது என்பது நகரத்தில் இருக்கும் அலுவலகத்தில் தீர்மானமாகிறது. அவசரமாகத் தண்ணீர் திறந்தால் எங்கே சைரன் கேட்கும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், முதியவர்களை யார் தூக்குவது என்பதெல்லாம் கரையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. கேட்கிறவர் இருந்தால் நடக்கும்.

இன்னொன்றையும் கேட்கலாம். தண்ணீர் கொடுக்கும் மாவட்டத்துக்கு அந்தத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து என்ன திரும்பி வருகிறது? நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் காட்டைத் தொடக்கூடாது என்கிறோம். அது சரியே. தொடாமல் காப்பதால் இங்கே வராமல் போகும் வேலைகளுக்கு ஈடு உண்டா? மேல்நிலத்தைக் காப்பவர்களுக்குக் கீழ்நிலத்தில் பயன்பெறுபவர்கள் கட்டணம் கொடுக்கும் முறை உலகில் பல இடங்களில் இருக்கிறது, நியூ யார்க் நகரமே கேட்ஸ்கில் மலைக் குடியானவர்களோடு 1997இல் அப்படி ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அங்கே நகரம் பல நூறு கோடி டாலர் சுத்திகரிப்பு நிலையச் செலவைத் தவிர்த்தது, மலையில் இருந்தவர்களுக்கு வருமானம் கிடைத்தது. உலு சிலாங்கூரில் கெராச்சி, பெர்தாக் மக்களுக்கும், தோட்டக் குடும்பங்களுக்கும், ஆற்றோரக் கடைக்காரர்களுக்கும் அப்படி ஒரு பங்கு கேட்கும் உரிமை இருக்கிறது. மக்கள் பிரதிநிதிகள் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டிய பேச்சு இது. மூன்று இனத்தாரும் சேர்ந்து கேட்கக்கூடிய அபூர்வமான கோரிக்கையும்கூட.

சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு 2023 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அடுத்தது 2028க்குள் நடந்தாக வேண்டும். அப்போது மறுபடியும் கூடாரங்கள் போடப்படும், மறுபடியும் 18 விழுக்காடு பற்றிப் பேச்சு வரும். அதற்குள் புக்கிட் தாகாரில் 245 வீடுகளில் எத்தனைக்குச் சாவி கொடுக்கப்பட்டது என்பதை அந்த ஐந்து தோட்டத்துக்காரர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.